முதல் அடிக்கு முன்னால்

கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே இருக்கிறது ஃபுல்லர்டன். ஃபெண்டர் கிதார் பிறந்த ஊர் என்றால் இசை தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். மற்றபடி ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வாழும், செய்திகளில் அதிகம் அடிபடாத நகரம். 2011 ஜூலை 5 அன்று இரவு எட்டரை மணிவாக்கில், அங்குள்ள பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதியில் யாரோ ஒருவர் நிறுத்தியிருந்த கார்களின் கதவுகளை இழுத்துப் பார்க்கிறார் என்று காவல்துறைக்குத் தகவல் போனது. விசாரிக்க வந்தவர்கள் கெல்லி தாமஸை நிறுத்தினார்கள். வயது 37. இருபதுகளின் தொடக்கத்திலேயே மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டவர். வீடு இல்லாமல் அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தவர் என்பதால் காவலர்களுக்கும் பழகிய முகம்தான். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. உடம்பில் சட்டைகூட இல்லை. அன்றிரவு நினைவிழந்த அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. ஜூலை 10 அன்று மருத்துவமனையில் இறந்தார்.

நடந்தது என்ன என்பதில் பெரிய மர்மம் கிடையாது. பேருந்து நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவில் காட்சி இருந்தது. காவலர்கள் உடம்பில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவிகளில் பேச்சு இருந்தது. இரண்டையும் இணைத்து அரசுத் தரப்பு உருவாக்கிய 33 நிமிடப் பதிவு 2012 மே மாதம் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. அதில் முதல் கால்மணி நேரத்தில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. மேனுவல் ராமோஸ் என்ற காவலர் தாமஸை நடைபாதை ஓரத்தில் உட்காரச் சொல்கிறார். காலை நீட்டு, கையை முழங்காலில் வை என்கிறார். தாமஸ் ஒன்றைச் செய்தால் மற்றொன்றை விட்டுவிடுகிறார். ராமோஸ் நிதானமாக ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொள்கிறார். இரு கைகளையும் மடக்கிக் காட்டி, இந்த முஷ்டிகள் தெரிகின்றனவா, உன்னைத் தொலைத்துக்கட்டத் தயாராகிக்கொண்டிருக்கின்றன என்கிறார் (நடுவில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே விட்டுவிடலாம்). முடிந்தால் அடி பார்க்கலாம் என்கிற தொனியில் தாமஸும் பதில் சொல்கிறார். எழுந்து நிற்கிறார். ஜோசஃப் வுல்ஃப் என்ற இன்னொரு காவலரின் லத்தி விழுகிறது. பிறகு தரையில் அமுக்குகிறார்கள். மேலும் காவலர்கள் வந்து சேர்கிறார்கள். மொத்தம் ஆறு பேர். ஜே சிசினெல்லி டேசர் மின்னதிர்வுக் கருவியை நான்கு முறை பயன்படுத்தினார், பின் அதே கருவியின் முனையால் முகத்தில் எட்டு முறை குத்தினார் என்றது அரசுத் தரப்பு. வேறு வழி தெரியாமல் டேசரால் முகத்தைச் சிதைத்தேன் என்று அவரே சக காவலர்களிடம் சொல்வதும் பதிவில் கேட்கிறது. மன்னித்துவிடுங்கள், மூச்சு விட முடியவில்லை என்ற தாமஸின் குரல் மெல்ல மெல்ல ஒரே சொல்லுக்கு வந்து சேர்கிறது: அப்பா. அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த நேரத்தில் நிலையத்துக்குள் வந்த பேருந்து ஒன்றில் ஏறிய பயணிகள், பாவம் ஒருவனைப் போட்டு அடிக்கிறார்கள் என்று பதற்றத்தோடு ஓட்டுநரிடம் சொன்னதைப் பேருந்தின் கேமரா பதிவு செய்திருக்கிறது. உதவிக்கு வந்த தீயணைப்புத் துறை அதிகாரி பின்னர் சாட்சியம் சொன்னபோது, முதலில் ஒரு காவலரின் சிறு காயத்தைப் பார்க்கும்படிதான் தம்மிடம் சொல்லப்பட்டது என்றார்.

இத்தனை சான்றுகள் இருந்தும் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஊர் கொந்தளிக்காமல் இருந்ததால் அப்படி ஆகவில்லை. வீடற்ற ஒருவருக்காக ஒரு அமெரிக்கப் புறநகர் இவ்வளவு கொந்தளித்தது அபூர்வம். அந்தக் கொந்தளிப்பு எதையெல்லாம் சாதித்தது, எந்த வாசலில் நின்றுவிட்டது என்று பார்த்தால், கோபத்தின் அளவில் குறையில்லை, அது போய்ச் சேர்ந்த முகவரியில்தான் குறை என்று தெரியும். ஊரின் கவனம் முழுவதும் அந்தப் பத்து நிமிட அடியின் மேல் குவிந்தது. தாமஸின் தலைவிதி பெருமளவு அதற்கு முன்பே, யாரைக் கூப்பிடுவது, யாரை அனுப்புவது, எதற்காக அனுப்புவது என்ற சாதாரண நிர்வாக முடிவுகளில் எழுதப்பட்டிருந்தது.

முதலில் சாதித்ததைச் சொல்லிவிட வேண்டும். தாமஸின் தந்தை ரான் தாமஸ், அதே ஆரஞ்ச் கவுன்டி ஷெரிஃப் துறையில் முன்பு வேலை பார்த்தவர். மருத்துவமனைப் படுக்கையில் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கிக் கிடந்த மகனின் முகத்தைப் படம் எடுத்தார். அது வெளியே வந்தது. சனிக்கிழமைதோறும் காவல் நிலையத்துக்கு எதிரே மக்கள் பதாகைகளோடு நின்றார்கள். இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் காவல்துறை மாநில அரசின் உள்துறைக்குக் கீழ்ப்பட்டது. நகர்மன்ற உறுப்பினருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அமெரிக்காவிலோ பெரும்பாலான ஊர்களில் காவல்துறை நகராட்சியின் துறைகளில் ஒன்று, குப்பை அள்ளுவதும் குடிநீர் தருவதும் போல. ஆகவே ஃபுல்லர்டன் மக்களின் கோபம் நேராக நகர்மன்றத்தின் மேல் பாய்ந்தது. 2012 ஜூன் மாதம் நடந்த திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் மூன்று உறுப்பினர்கள் பெரும் வித்தியாசத்தில் பதவி இழந்தார்கள்; அவர்களில் ஒருவர் அதே ஊரின் முன்னாள் காவல்துறைத் தலைவர். அப்போதைய தலைவர் மருத்துவ விடுப்பில் போய், அப்படியே ஓய்வு பெற்றார். அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞரும் தேர்தலில் வென்று வருபவர்தான். அப்பதவியில் இருந்த டோனி ரக்காக்கஸ் 2011 செப்டம்பரில் ராமோஸ் மீது இரண்டாம் தரக் கொலைக் குற்றமும், சிசினெல்லி மீது உள்நோக்கமின்றி உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றமும் சுமத்தினார். பணியில் இருந்தபோது செய்ததற்காக ஒரு காவலர் மீது கொலை வழக்கு என்பது அந்த மாவட்ட வரலாற்றில் அதுவே முதல் முறை. வழக்கைத் தாமே நின்று நடத்தவும் செய்தார். பழமைவாதக் கட்சியின் கோட்டையாகவே அன்று அறியப்பட்ட மாவட்டத்தில் இது சிறிய காரியம் இல்லை. வாக்குக்கு அஞ்சுகிறவர்கள் எல்லோரையும் ஊரின் கோபம் அசைத்துவிட்டது.

வாக்குக்கு அஞ்சத் தேவையில்லாத பன்னிரண்டு ஜூரி உறுப்பினர்கள் 2014 ஜனவரி 13 அன்று இருவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்கள். மூன்றாமவரான வுல்ஃப் மீதிருந்த வழக்கு உடனே கைவிடப்பட்டது. காவலர்கள் வேலையை ஏற்கெனவே இழந்திருந்தார்கள், அவ்வளவுதான். மத்திய நீதித்துறையும் 2017-ல், வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது.

ஜூரி எல்லாச் சாட்சியங்களையும் பார்த்துத்தானே முடிவு செய்தது, வீடியோவின் சில நிமிடங்களை மட்டும் பார்த்த கூட்டத்தின் கோபத்துக்கு அதைவிட மதிப்பு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, ஒதுக்கிவிட முடியாது. பிரேதப் பரிசோதனை மார்பு அழுத்தப்பட்டதால் ஏற்பட்ட மூச்சுத்திணறலையும் முகக்காயங்களையும் சாவுக்குக் காரணமாகச் சொன்னது. பழைய போதைப் பழக்கத்தால் இதயம் பெருத்திருந்ததே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஃபுல்லர்டன் காவல்துறையில் பயிற்சி தருகிற அதிகாரி ஒருவரே எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி, காவலர்கள் செய்தது பயிற்சிக்கு உட்பட்டதுதான் என்றார். இவற்றையெல்லாம் கேட்ட ஜூரி, தன் முன் வைக்கப்பட்ட கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எது? இது கொடுமையா இல்லையா என்று யாரும் ஜூரியிடம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த நியாயமான ஒரு காவலர் இப்படி நடந்திருக்கக் கூடுமா என்பதே கேள்வி. அதில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. பயிற்சி அளித்தவரே ‘ஆமாம், இப்படித்தான்’ என்று சொன்ன பிறகு எத்தனை ஜூரிகள் ‘இல்லை’ என்பார்கள்? அவருடைய சாட்சியத்தைக் காவலர்களுக்கான பாதுகாப்பாக மட்டும் படிப்பது போதாது. அந்தத் துறையின் மீதான மிகக் கடுமையான குற்றப்பத்திரிகையாகவும் அதைப் படிக்கலாம்.

காவலரின் கண் வழியே பார்க்கும் இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது விசித்திரமான கதை. 1984-ல் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் டெத்தோர்ன் கிரஹாம் என்ற சர்க்கரை நோயாளி, உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டதால் ஆரஞ்சுச் சாறு வாங்க நண்பரின் காரில் கடைக்கு ஓடினார். உள்ளே நீண்ட வரிசை. உடனே வெளியே ஓடிவந்து காரில் ஏறினார். கடைக்குள் போன வேகத்தில் திரும்பியது கான்னர் என்ற காவலருக்குச் சந்தேகத்தை எழுப்பியது. வண்டியை நிறுத்தினார்; மற்ற காவலர்களும் வந்தார்கள்; நோயின் தடுமாற்றத்தைக் குடிபோதை என்று நினைத்தார்கள். கிரஹாமுக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்த வழக்கில்தான் 1989-ல் உச்ச நீதிமன்றம், பலப்பிரயோகத்தைக் களத்தில் நிற்கும் நியாயமான காவலரின் பார்வையில் எடைபோட வேண்டும், பின்னால் தெரியவந்ததை வைத்துப் பார்க்கக் கூடாது என்றது. மறுவிசாரணையில் ஜூரி காவலர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. கிரஹாம் வழக்கு நஷ்டஈடு கேட்ட வழக்கு என்றாலும், அதில் பிறந்த அளவுகோல் காவலர் பயிற்சியிலும் பலப்பிரயோக விசாரணைகளிலும் இன்றுவரை ஊறிக்கிடக்கிறது. நோயாளி ஒருவரைக் குற்றவாளியாகத் தவறாகப் படித்த வழக்கில் பிறந்த விதி, அப்படித் தவறாகப் படிப்பதையே மன்னிக்கக்கூடியதாக ஆக்கிவிட்டது. உயிர்போகும் அளவு பலம் ‘நியாயமானதாக’ இருந்தால் போதும் என்பதிலிருந்து ‘அவசியமானதாக’ இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாற்றியது 2019-ல்தான். நடைமுறைக்கு வந்தது 2020-ல்.

தாமஸும் காவலரும் எப்படி அந்த நடைபாதையில் எதிரெதிரே வந்து சேர்ந்தார்கள் என்று பின்னோக்கிப் போனால் கதை இன்னும் நீள்கிறது. பெரிய மனநல மருத்துவமனைகளைக் குறைத்துவிட்டு ஊருக்கு ஊர் சிறு சிகிச்சை மையங்கள் அமைப்பது என்று 1963-ல் கென்னடி காலத்தில் சட்டம் வந்தது. விருப்பமின்றி நோயாளிகளை வருடக்கணக்கில் அடைத்துவைப்பதை 1967-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டத்தால் நிறுத்தியது. இரண்டின் நோக்கமும் நல்லதுதான். அந்த மருத்துவமனைகளில் நடந்தவற்றை அறிந்தவர்கள் அவற்றுக்காகக் கண்ணீர் விட மாட்டார்கள். ஆனால் மருத்துவமனைகள் மூடிய வேகத்தில் மையங்கள் திறக்கவில்லை. வீட்டு வாடகை ஏறியது. கடைசியில், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிற ஒரே அரசுப் பணியாளராகக் காவலர் மிஞ்சினார். அவரிடம் இருப்பவை கைவிலங்கு, லத்தி, டேசர், துப்பாக்கி. அவர் படித்த பாடம் கட்டளையிடுவதும் அது மீறப்பட்டால் ஒரு படி மேலே போவதும். மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு, உள்ளே ஒலிக்கும் குரல்களுக்கு நடுவே, அடுக்கடுக்காக வரும் கட்டளைகளை வரிசைப்படுத்துவதே கடினம். காலை நீட்டு, கையை வை என்ற அந்த உரையாடலைத் திரும்பக் கேட்டால், இரு தரப்பும் தத்தமக்குத் தெரிந்த ஒரே வழியில் போய்க்கொண்டிருப்பது புரியும். ராமோஸின் மிரட்டலை இது எந்த வகையிலும் நியாயப்படுத்தாது. அவர் இடத்தில் பொறுமையான காவலர் இருந்திருந்தால் தாமஸ் பிழைத்திருப்பார். ஆனால் காவலரின் சுபாவத்தை நம்பி ஒரு நோயாளியின் உயிரை வைப்பது ஏற்பாடு ஆகாது.

கோபத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு, அதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம். கெல்லி தாமஸுக்கு வீடியோ இருந்தது, படம் இருந்தது, ஷெரிஃப் துறையை உள்ளிருந்து அறிந்த தந்தை இருந்தார். தெருவில் வாழ்பவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ‘யாரோ ஒரு நாடோடி’ என்று கடந்துபோன ஊர், அவர் யாரோ ஒருவரின் மகன் என்று அறிந்த பிறகே அதிர்ந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அந்த உறவையே தாக்கியது: அவர் ஒருமுறை தாத்தாவைத் தாக்கியதையும், தாயே மகனுக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை வாங்கியிருந்ததையும் ஜூரியின் முன் வைத்தது. கட்டுக்கடங்காத நோயோடு வாழும் குடும்பங்களில் இப்படி நடப்பது புதிதல்ல. அன்பு இல்லாததற்கு அது சாட்சியும் அல்ல. அனுதாபத்தை மட்டும் நம்பி நிற்கும் வழக்கை இப்படி ஒரு தாளை நீட்டியே கலைத்துவிடலாம் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டியது.

ஊரின் அனுதாபத்துக்கு எல்லை எது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2013-ல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இரவு தங்குமிடம் ஒன்றை ஃபுல்லர்டனில் அமைக்க மாவட்ட நிர்வாகம் முயன்றது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், பள்ளி பக்கத்தில் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன என்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அப்படியொரு தங்குமிடம் 2017-ல் பக்கத்து ஊரான அனாஹைமில்தான் வந்தது. பதாகை பிடித்தவர்களும் தங்குமிடத்தை எதிர்த்தவர்களும் அதே ஆட்கள் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஊரில், இரண்டே ஆண்டு இடைவெளியில் நடந்தன என்பது மட்டும் உண்மை. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் வெளிநோயாளி சிகிச்சை தரும் ‘லாராஸ் லா’ என்ற சட்டத்தை ஆரஞ்ச் கவுன்டி 2014 மே மாதம் ஏற்றது. தாமஸின் மரணமே அதற்கு உந்துதல். தெருவுக்குச் செல்லாமல் தீர்மானத்தோடு முடிந்துபோகிற விஷயங்களில் ஊருக்கு ஒருமனம் எளிதாக வந்துவிடுகிறது.

கடைக்காரர்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. கடைவாசலில் படுத்திருப்பவர், வாடிக்கையாளரைத் திட்டுபவர், கார் கதவை இழுத்துப் பார்ப்பவர் என்று அவர்கள் படும்பாடு கற்பனை அல்ல. காவல்துறையும், எங்களுக்கு எது நோய் எது குற்றம் என்று ஒரு பார்வையில் தெரியாது, கத்தி இருக்குமோ என்று பயந்துதான் ஒவ்வொரு முறையும் நெருங்குகிறோம் என்கிறது. இரண்டும் உண்மை. இரண்டுமே, முதலில் போக வேண்டியவர் காவலர் இல்லை என்ற வாதத்துக்குத்தான் வலு சேர்க்கின்றன. கார் கதவை இழுத்தவர் மறுநாளும் வந்து இழுப்பார் என்றால் கடைக்காரருக்குத் தேவை அவருடைய சிகிச்சை. காவலருக்கு நோய் தெரியாது என்றால் தெரிந்தவரை அனுப்புவதுதானே முறை.

காவலருக்கே நோயை அறியும் பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா? 1988-ல் மெம்ஃபிஸ் நகரம் அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. ஓரளவு பலனும் உண்டு. ஆனால் 2014 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில், ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் அனுமதியின்றிக் கூடாரம் போட்டிருந்த ஜேம்ஸ் பாய்ட் என்ற வீடற்றவரிடம், அத்தகைய பயிற்சி பெற்ற காவலரும் பல மணி நேரம் பேசினார். பாய்டுக்கும் மனச்சிதைவு, கையில் இரண்டு சிறு கத்திகள். கடைசியில் அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரான நேரத்தில் ஒளிக்குண்டும் நாயும் ஏவப்பட்டன, பின் சுட்டார்கள். காவலரின் தலைக்கவசக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி வெளியானதும் ஊர் தெருவில் இறங்கியது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. சுட்ட இரு காவலர்கள் மீதான கொலை வழக்கில் 2016-ல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை; வழக்கு மறுபடி நடத்தப்படவில்லை. நீதிமன்ற முடிவைப் பொறுத்தவரை ஃபுல்லர்டனுக்கும் அல்புகர்க்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 2014 ஏப்ரலிலேயே மத்திய நீதித்துறை, 2009 முதல் 2012 வரை அந்நகரக் காவலர் சுட்டதில் உயிரிழப்பு நேர்ந்த 20 சம்பவங்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று அறிவித்தது. ஒப்பந்தம், கண்காணிப்பு என்று அது நீண்டது. 2021-ல் அல்புகர்க்கி, காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் இணையாக ஒரு தனித் துறையையே தொடங்கியது. மனநலம், வீடின்மை தொடர்பான அழைப்புகளுக்கு ஆயுதமில்லாத பணியாளர்கள் போகிறார்கள்.

ஆயுதமில்லாதவரை அனுப்புவது ஆபத்து இல்லையா என்பதற்கு அனுபவமே பதில் சொல்கிறது. ஓரிகனின் யூஜீன் நகரில் 1989-ல் தொடங்கிய ‘கஹூட்ஸ்’ திட்டத்தில் ஒரு மருத்துவ உதவியாளரும் நெருக்கடிகால ஆலோசகரும் வேனில் போனார்கள். மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் போனார்கள். அதைப் பார்த்து டென்வர் 2020 ஜூனில் தொடங்கிய ‘ஸ்டார்’ திட்டத்தை ஆராய்ந்தவர்கள், அது செயல்பட்ட பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்ததையும், வன்முறைக் குற்றங்கள் அதனால் கூடவில்லை என்பதையும் 2022-ல் வெளியிட்டார்கள். கத்தியோடு நிற்பவரிடம் காவலர்தான் போக வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. கெல்லி தாமஸிடம் கத்தி இல்லை.

இனி எஞ்சுவது பணம். யூஜீனில் கஹூட்ஸ் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. நிதி நெருக்கடிதான் காரணம். ஃபுல்லர்டன் நகராட்சி தாமஸின் தாய்க்கு 2012-ல் 10 லட்சம் டாலரும், தந்தைக்கு 2015-ல், சிவில் வழக்கு தொடங்கவிருந்த வேளையில், 49 லட்சம் டாலரும் கொடுத்து முடித்துக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பாய்டின் குடும்பத்துக்கு அல்புகர்க்கி 50 லட்சம் டாலர் கொடுத்தது. வேனுக்கும் ஆலோசகருக்கும் வரவுசெலவில் இடம் இல்லை என்று சொல்லும் ஊர்களுக்கு இத்தகைய காசோலைகளுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது. இதற்கிடையே 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் படுத்துறங்குவோரைத் தண்டிக்கும் ஊர்ச்சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. படுக்கப் போதிய இடம் ஏற்பாடு செய்யாத ஊரும் இனி படுத்ததற்காக அபராதம் போடலாம். அபராதச் சீட்டை நீட்டுவது காவலர். ஆக, மனநோய் உள்ள வீடற்றவரும் காவலரும் நடைபாதையில் எதிரெதிரே நிற்கும் இரவுகள் கூடப்போகின்றன. அந்த இரவுகளில் யார் போவது என்பது நகர்மன்றங்களின் ஆண்டு வரவுசெலவில் முடிவாகிறது; மூன்று உறுப்பினர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய ஃபுல்லர்டன் வாக்காளர்களுக்கு அந்தக் கணக்கின் மீதும் அதே அதிகாரம் இருக்கிறது.